அளவோடு தேய்த்தால் மினுங்கும்!



காருக்குப் பொலிஷ் போடுவது ஆண்களின் வேலை, இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பொலிஷை வாங்கும் காசு எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுக் காசிலிருந்துதான். அந்தக் கார் கெட்டுப்போனால் மகளின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் வைத்திருந்த பணம் பெயின்ட் கடைக்குப் போகிறது. ஆகவே இது உங்கள் விஷயமும்தான்.

கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே உள்ள வட்டக்கச்சியை அறிவீர்களா? இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளையும் ஊர். 2009ஆம் ஆண்டு போர் இந்த ஊரைக் கடந்தபோது மக்கள் வாகனங்களிலும் கால்நடையாகவும் கிழக்கே இடம்பெயர்ந்தார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள்; கொண்டுபோன வாகனங்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை. மீள்குடியேறிய பின், எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரை வாங்கினார். கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடிய அந்தக் கார்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

வெயிலிலும் செம்புழுதியிலும் நின்று அதன் இளநீல நிறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப் போனது. ஒரு நாள் மகன் காரைப் புதுசாக்கித் தருகிறேன் என்று இரும்பு வெட்டும் கிரைண்டரில் கம்பளி வட்டு ஒன்றை மாட்டினான். ஒரு டின் கட்டிங் கொம்பவுண்டும் வாங்கி வந்தான். முதல் பத்து நிமிடம் அற்புதம்! பொனட் கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் பொனட்டின் மேட்டு விளிம்பில் நீலம் போய், அடியில் பூசியிருந்த பிரைமர் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தப் பொலிஷாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. தாய் சீட்டெடுத்துப் பொனட்டுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்தார். அந்த நீலம் மற்ற நீலத்தோடு இன்றும் ஒத்துப்போகவில்லை.

மகன் சோம்பேறியல்ல, கெட்ட எண்ணமும் இல்லை. பொலிஷ் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பொலிஷ் எதையும் கூட்டுவதில்லை

நாம் நினைப்பது என்ன? பொலிஷ் போட்டால் காரின் மேல் மினுக்கம் ஒன்று பூசப்படுகிறது என்று. உண்மை அதற்கு நேர்மாறு. கரி பிடித்த பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறீர்களே, அதே வேலைதான் இதுவும். கொம்பவுண்டிலும் பொலிஷிலும் மாப்போல நுண்ணிய அரைதூள் இருக்கிறது. அது பழுதான மேற்பரப்பைச் சீவி எடுக்கிறது. அடியில் உள்ள நல்ல பெயின்ட் வெளியே வருகிறது. அதுதான் மினுக்கம்.

சீவ எவ்வளவு இருக்கிறது? புதிய கார்களில் நிறத்தின் மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு உண்டு. அதன் தடிப்பு சாதாரணமாக 40, 50 மைக்ரோன்தான். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழின் ஒரு தாளைவிட அது மெல்லியது! வலிமையான கட்டிங் ஒன்றில் இரண்டு மூன்று மைக்ரோன் போய்விடலாம். வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. வருடா வருடம் 'கட் அண்ட் பொலிஷ்' செய்தால் கார் புதுசாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வருடா வருடம் தேய்ந்துகொண்டிருக்கும்.

முதலில் ஒரு வெள்ளைத் துணி

எதையும் வாங்குமுன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். மூன்றுக்கும் செலவு இல்லை.

ஒன்று: காரை நன்றாகக் கழுவி, ஒரு மூலையில் சிறிது மென்பொலிஷ் தொட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். பொலிஷ் இல்லாவிட்டால் தெரிந்த கராஜில் ஒரு சொட்டுக் கேட்டு வாங்குங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சுப் பெயின்ட். ஒஸ்டின், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் பெரும்பாலும் இந்த வகை. நிறம் ஒட்டாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

இரண்டு: கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது. அதைப் பொலிஷால் எடுக்க முயன்றால் சுற்றியுள்ள பெயின்டும் போகும். நகம் வழுக்கிச் சென்றால் எடுக்கலாம்.

மூன்று: மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். பாம்புச் சட்டைபோல் தோல் உரிந்து வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா? கிளியர் கோட்டே போய்விட்டது. இதற்குப் பொலிஷ் மருந்தல்ல. பெயின்ட் அடிப்பதே வழி. அதுபோலவே புத்தளம், மன்னார், கிண்ணியா, காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றால் தகரத்தில் கொப்புளம் எழும்பும். அது உள்ளிருந்து வரும் துரு. மேலே தேய்த்தால் ஓட்டைதான் மிஞ்சும். இந்த இரண்டு குறையும் இருந்தால் பொலிஷுக்குச் செலவழிக்க வேண்டாம்.

கடையில் எதைக் கேட்பது?

டின்களின் மேலே எழுதியிருக்கும் பெரிய வார்த்தைகளைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே இருப்பது நான்கே வகை.

ரப்பிங் அல்லது கட்டிங் கொம்பவுண்ட் கரடானது. ஆழமான மங்கலுக்கு மட்டும். ஃபைன் பொலிஷ் மென்மையானது. கழுவும்போது விழுந்த சிலந்தி வலைக் கோடுகளையும் லேசான வெளிறலையும் எடுக்கும். கிளேஸ் என்பது கோடுகளை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைப்பது. இரண்டு மூன்று முறை கழுவினால் கோடுகள் மறுபடி தெரியும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்! நான்காவது வாக்ஸ். இது சீவுவதில்லை, காப்பது. பிரேசில் நாட்டுப் பனை இனம் ஒன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னூபா மெழுகு இதில் பெயர் பெற்றது. நம் வெயிலில் ஒரு பூச்சு சில வாரங்களிலிருந்து இரண்டொரு மாதம்வரை நிற்கும்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைன் பொலிஷ் ஒரு போத்தலும் வாக்ஸ் ஒரு டின்னும் போதும். முதலில் மென்மையானதைப் போட்டுப் பாருங்கள். அது போதாது என்று கண்ணால் கண்ட பிறகே கரடானதைத் தேடுங்கள். மாவரிக்கும் அரிதட்டால் முடிகிற வேலைக்கு மணலரிக்கும் அரிதட்டு எதற்கு?

பற்பசை, மண்ணெண்ணெய் போன்ற கைவைத்தியங்களும் உண்டு. பற்பசையிலும் அரைதூள் இருக்கிறது. ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. காரில் அது எவ்வளவு சீவும் என்று யாருக்கும் கணக்கில்லை. மண்ணெண்ணெய் துடைத்ததும் மினுக்கும். அந்தப் பசையில் அன்றைக்கே புழுதி ஒட்டும். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வடக்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அது பெற்றோல் இல்லாத காலத்து நிர்ப்பந்தம். பெயின்டுக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை.

எந்த மெஷின்?

கையால் தேய்த்தே ஒரு காரை நல்ல நிலைக்குக் கொண்டுவரலாம். கை வலிக்கும், நேரம் பிடிக்கும். மெஷின் வாங்குவதென்றால் மூன்று வகைகளைப் பிரித்தறியுங்கள்.

கிரைண்டர்: நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. இது இரும்பு வெட்டப் பிறந்தது. இதில் கம்பளி வட்டை மாட்டினால் என்ன நடக்கும் என்பதை வட்டக்கச்சியில் பார்த்தோம். வேண்டவே வேண்டாம்.

ரோட்டரி பொலிஷர்: ஒரே அச்சில் சுழலும். வேகத்தைச் சுமார் 600 முதல் 3,000 சுற்றுவரை மாற்றலாம். கராஜ்காரர்கள் கையாள்வது இதுதான். வேலை வேகமாக முடியும். ஆனால் ஒரே இடத்தில் சற்று நின்றால் சூடேறிப் பெயின்ட் எரியும். பழகாத கைக்கு ஏற்றதல்ல.

டூவல் அக்ஷன் பொலிஷர்: சுழலும்போதே அரிதட்டுபோல் ஆடவும் செய்யும். சாதாரண வகையில் அதிகமாக அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். அதனால் ஒரே இடம் சூடாவது குறைவு. வீட்டுக்கு ஏற்றது இதுவே. ஐந்து அங்குல வட்டு, 700 முதல் 900 வாட்ஸ் சக்தி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, இவை இருந்தால் போதும். ஆட்ட அளவு 8 மில்லிமீற்றர் என்றால் வளைவுகளுக்கும், 15 என்றால் அகன்ற தகரத்துக்கும் வசதி. உங்கள் அயன்பெட்டி இழுக்கும் மின்சாரத்தைவிட இது அதிகம் இழுக்காது. ஆனால் நீட்டு வயர் தடிப்பானதாக இருக்கட்டும்; சுருளை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள்.

வட்டுகளிலும் பேதம் உண்டு. கம்பளி அதிகம் சீவும். கடினமான ஸ்பொஞ்ச் அதற்கு அடுத்தது. மென்மையான ஸ்பொஞ்ச் மினுக்க மட்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பனியின் மஞ்சளும் இன்னொன்றின் மஞ்சளும் ஒன்றல்ல. ஒரு வட்டோடு வேலை முடியாது, நான்கைந்தாவது வேண்டும். மண்ணில் விழுந்த வட்டைக் கழுவாமல் காரில் வைக்கவே கூடாது.

வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படும் மெஷினை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டுமா? சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். கராஜில் கொடுப்பதானால், எந்த மெஷின், எந்தக் கொம்பவுண்ட் என்று கேளுங்கள். முதலில் ஒரு சாண் இடத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், காசு உங்களுடையது.

வேலை செய்யும் முறை

காலையில், தகரம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, நிழலில் தொடங்குங்கள். புழுதியை ஒரு துளியும் விடாமல் கழுவுங்கள். எஞ்சிய மணல்தான் மெஷினின் கீழ் கீறலாக மாறும். விளிம்புகளிலும் மேட்டுக் கோடுகளிலும் பெயின்ட் மிக மெல்லியது. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வட்டில் பயற்றளவு நான்கைந்து சொட்டுப் பொலிஷ் போதும். இரண்டடிச் சதுரம் ஒன்றை எடுத்து, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, நெடுக்காகவும் குறுக்காகவும் நாலைந்து முறை மெதுவாக ஓட்டுங்கள். வட்டு தட்டையாகப் படியட்டும். துடைத்துப் பார்த்து, மினுங்கினால் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்ற ஆசைதான் பொனட்டைக் கெடுத்தது!

ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய கார்களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். வேலை செய்பவர் முகக்கவசம் போடட்டும். சிறு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நிறம் ஒட்டிய துணிகளை வீட்டு உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வேலை முடிந்தவர் கை கழுவி உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும்.

காப்பது நம் கையில்

பொலிஷ் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதே பெரிய சிக்கனம். புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. நீர் ஊற்றிப் புழுதியை இறக்கிய பிறகே துணியை வையுங்கள். கிணற்று நீர் கடினமானதென்றால் வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். இல்லையேல் வெண்புள்ளி விழும். பறவை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனத்தின் அருமை நம் எல்லோருக்கும் புரிந்தது. துணி மூட்டை ஏற்றும் வானும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் ஓட்டோவும் நம் வீட்டுச் சொத்துகள்தான்.

வட்டக்கச்சித் தாயின் கார் இப்போதும் ஓடுகிறது, இரண்டு நீலத்தோடு. மகன்தான் அதைக் கழுவி, கையால் வாக்ஸ் போடுகிறான். கொம்பவுண்ட் டின் அலுமாரிக்குள் இருக்கிறது, சாவி தாயிடம்.

உங்கள் வீட்டில் நானாவோ மகனோ "மெஷின் வாங்கப் போகிறேன்" என்று புறப்பட்டால் தடுக்காதீர்கள். முதலில் அவர் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுங்கள். காசை அதற்குப் பிறகு கொடுக்கலாம்!