தண்ணி கலந்த அக்ரிலிக்: கலரை விட முக்கியம், அது உட்காரும் இடம்

அக்ரிலிக்ல நிறைய தண்ணி விட்டு, வாட்டர்கலர் மாதிரி வரையலாமா? அடிக்கடி எனக்கு வர்ற கேள்வி இது. அதோட ஒரு புகாரும் சேர்ந்தே வரும்: “கேன்வாஸ்ல வரைஞ்சேன். காஞ்சப்புறம் ஈரத்துணியால துடைச்சா கலர் துணியோட வந்துடுது.” முதல் முறையா ஒருத்தர்கிட்ட காசு வாங்கிட்டு வரைஞ்ச படத்துக்கு இப்படி ஆனா, வயித்தைக் கலக்கும்தானே?

உடனே எல்லாரும் பெயின்ட் பிராண்டை மாத்துவாங்க. நான் முதல்ல கேட்கறது, “எது மேல வரைஞ்சீங்க?”

காரணம் இதுதான். அக்ரிலிக் பெயின்ட்ல முக்கியமா மூணு விஷயம் இருக்கு: நிறமி, தண்ணி, அந்தத் தண்ணியில மிதக்கற ரொம்பப் பொடியான அக்ரிலிக் துகள்கள். தண்ணி ஆவியானதும் அந்தத் துகள்கள் நெருங்கி, ஒண்ணா ஒட்டி, ஒரு படலமா மாறும். நிறமியைப் பிடிச்சு வச்சிருக்கற பசை அந்தப் படலம்தான். நீங்க தண்ணி விட விட, பசை நீர்த்துப் போகுது. படலம் பலவீனமாகுது. அப்போ நிறமியை வேற ஏதாவது பிடிச்சுக்கணும். உறிஞ்சற பரப்பா இருந்தா, அதோட நார்கள் அந்த வேலையைச் செய்யும்.

கடையில வாங்கற வெள்ளை கேன்வாஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸோ பூசித்தான் வருது. அந்தப் பூச்சு, தண்ணியை துணிக்குள்ள போக விடாது. ரொம்ப நீர்த்த கலர் மேலேயே குட்டையா தேங்கி, ஓரத்துல கோடு கட்டி, பொடி மாதிரி காயும். துடைச்சா வர்றது அந்தப் பொடிதான்.

இதை ஓவிய வரலாற்றுலயும் பார்க்கலாம். 1952ல நியூயார்க்ல ஹெலன் ஃபிராங்கன்தாலர் ‘மவுன்டன்ஸ் அண்ட் சீ’ங்கற பெரிய படத்தை வரைஞ்சாங்க. அப்போ அவங்களுக்கு 23 வயசு. ஜெஸ்ஸோ எதுவும் பூசாத கேன்வாஸைத் தரையில விரிச்சு, டர்பன்டைன் கலந்த ஆயில் பெயின்டை அது மேல ஊத்தினாங்க. கலர் துணிக்குள்ளயே ஊறிடுச்சு. அழகுதான், ஆனா ஒரு சிக்கல். எண்ணெய் கலரைத் தாண்டிப் பரவி, சுத்தி ஒரு வளையம் விடும். காலப்போக்குல பருத்தி நாரையும் அரிக்கும். 1960களின் தொடக்கத்துல அவங்க அக்ரிலிக்குக்கு மாறினாங்க. அக்ரிலிக் துணியை அப்படி அரிக்காது. அதனால அதே ஊறவைக்கற முறையை அவங்க தொடர முடிஞ்சது.

சரி, நம்ம வீட்டு மேஜையில என்ன பண்ணலாம்?

ஒண்ணு, பேப்பர். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர் எடுங்க. பிரின்டர்ல போடற ஏ4 தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான், ஈரம் பட்டதும் சுருண்டுடும்.

ரெண்டு, பூச்சு இல்லாத பருத்தித் துணி. ஜவுளிக்கடைகள்ல கிடைக்கற காடா துணி போதும். ஆனா முதல்ல நல்லா அலசிடுங்க. அதுல இருக்கற கஞ்சி, கலரை உள்ள விடாது. அடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடுங்க, இல்லைன்னா மேஜைக்கும் சேர்த்து பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடும். துணியில ஊறின கலரை அழிக்க முடியாது, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

மூணு, கையில ஏற்கெனவே ஜெஸ்ஸோ பூசின கேன்வாஸ்தான் இருக்குன்னா, பரப்பை விட்டுட்டு, கலக்கறதை மாத்துங்க. வெறும் தண்ணிக்குப் பதிலா அக்ரிலிக் மீடியம் சேருங்க. அது நிறமி இல்லாத அதே பசைதான். கலர் கண்ணாடி மாதிரி மெலிசாகும், ஆனா பிடிப்பு குறையாது.

எதுல வரைஞ்சாலும், அதே பரப்போட ஒரு துண்டுல முதல்ல ஒரு பட்டை இழுங்க. ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. அப்புறம் ஈரத்துணியால தேய்ச்சுப் பாருங்க. துணியில கலர் வந்தா, தண்ணியைக் குறைங்க, இல்லை பரப்பை மாத்துங்க. வரலைன்னா, தைரியமா படத்தை ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.