அப்பளமும் அல்வாவும் சைவம்தான்... ஆனால், ரத்தப் புற்றுநோய் ஆய்வு சொல்லும் ‘தாவர உணவு’ எது?

கல்லிடைக்குறிச்சி என்றாலே அப்பளம்தான். தலைமுறை தலைமுறையாக சைவம் சாப்பிடும் குடும்பங்கள் நிறைந்த ஊர். ‘தாவர உணவு ரத்தப் புற்றுநோயைத் தள்ளிப்போடலாம்’ என்ற செய்தி வந்தால், ‘நாமதான் சைவமாச்சே, நமக்கென்ன?’ என்று அங்கே யாரும் நினைக்கக்கூடும். அந்த நிம்மதி கொஞ்சம் அவசரமானது.

செய்திக்குப் பின்னால் இருப்பது, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் நடத்திய ஆய்வு. தலைமை வகித்தவர் டாக்டர் உர்வி ஷா. அவரே ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

‘மல்டிபிள் மைலோமா’ என்பது எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்தப் புற்றுநோய். அது ஒரே நாளில் வந்துவிடாது. முதலில், ரத்தத்தில் தேவையில்லாத ஒரு புரதம் மட்டும் தென்படும். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஒருவருக்குத்தான் அது புற்றுநோயாக மாறும். அடுத்தது, நெருப்பு உள்ளுக்குள் புகைவது போன்ற கட்டம். இதில் முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 10 பேருக்கு நோய் முற்றும். பெரும்பாலானவர்களுக்கு அப்போது மருந்து கிடையாது. ‘டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம்’ என்றுதான் டாக்டர்கள் சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் காத்திருப்பைச் சுமப்பது சாதாரண விஷயமா?

அப்படிக் காத்திருந்த, உடல் எடை கூடிய 20 பேருக்கு 12 வாரங்கள் உணவு கொடுத்தார்கள். காய், கனி, பயறு, முழு தானியம், கொட்டைகள், விதைகள். வயிறு நிறையச் சாப்பிடலாம், அளவு கிடையாது. 24 வாரங்கள் ஆலோசனையும் உண்டு. உடல் எடை குறைந்தது. இன்சுலின் செயல்பாடும் குடல் நுண்ணுயிர்களின் நிலையும் மேம்பட்டன. நோய் வேகமெடுத்துக்கொண்டிருந்த இருவருக்கு அந்த வேகம் தணிந்தது. ஓராண்டு வரை யாருக்கும் மைலோமாவாக முற்றவில்லை. 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின.

20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கமான உணவு சாப்பிட்ட இன்னொரு குழுவும் இல்லை. ஆகவே இது நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவே.

இப்போது நம் தட்டுக்கு வருவோம். பாலிஷ் போட்ட வெள்ளைச் சோறு, பொரித்த அப்பளம், நெய் சொட்டும் அல்வா... எல்லாம் சைவம்தான். ஆனால் ஆய்வின் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. பால், தயிர்கூடக் கிடையாது. அதே திருநெல்வேலிச் சீமையின் கூட்டாஞ்சோறு? கைக்குத்தல் அரிசி, பருப்பு, நாலைந்து காய்கள், முருங்கைக்கீரை போட்டு, எண்ணெயைக் குறைத்துச் செய்தால் கிட்டத்தட்ட அதே தட்டுதான்! இதிலிருக்கும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, அழற்சியைத் தணிக்கும் அமிலங்களாக மாற்றுகின்றன.

பால், தயிரை அடியோடு நிறுத்துபவர்களுக்கு வைட்டமின் பி12 மாத்திரை தேவைப்படும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களும், சிகிச்சையில் இருப்பவர்களும் எடையை இழப்பது ஆபத்து. மைலோமா சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால், அப்படிப் பாதிப்பு உள்ளவர்கள் உப்பு, பருப்பு, பழம் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். உணவை மாற்றியவர்களும், சொன்ன தேதியில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.