சாம்பல் வானத்தின் கீழே சோர்வில்லா வாழ்வு



காலை எட்டரை மணிக்கு மேல் சூரியன் எழுந்து, மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடும் ஓர் ஊரில் நீங்கள் வாழ நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? எழுந்த சூரியனையும் வாரக்கணக்கில் மேகம் மூடிக்கொண்டால் உங்கள் உள்ளம் எப்படியிருக்கும்?

இது கற்பனைக் கேள்வியன்று. வட ஜெர்மனியின் ஹாம்பர்க், பிரேமன், கீல், லூபெக் போன்ற நகரங்களில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீளும் இருண்ட பருவத்தின் நடுவே நிலவும் உண்மை இது. ஜெர்மனியில் பயிலும் அயல்நாட்டு மாணவர்களில் அண்மை ஆண்டுகளில் இந்தியர்களே பெருந்தொகையினர். பணி நிமித்தம் செல்வோரும் பெருகி வருகின்றனர். அவர்களுள் உங்கள் மகனோ, மகளோ, உறவினரோ இருக்கக்கூடும். குளிரைத் தாங்கக் கம்பளி வாங்கிக் கொடுத்து அனுப்பும் பெற்றோர், இருளைத் தாங்க என்ன கொடுத்தனுப்புவது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே மனிதரை வாட்டுவது குளிரினும் இருளே.

ஏன் இந்தச் சாம்பல் நிறம்?

ஹாம்பர்க் நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 53.5 பாகை வடக்கே உள்ளது. டிசம்பர் 21 அல்லது 22 ஆம் நாளில் அங்கே பகற்பொழுது ஏழரை மணி நேரமே. அதே நாளில் சென்னையில் பதினொரு மணி நேரத்திற்கும் மேல் வெளிச்சம் உண்டு. அன்று நண்பகலில்கூட ஹாம்பர்க்கில் சூரியன் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்திற்கே ஏறும். நம் வழக்கில் சொல்வதானால், நண்பகல் பன்னிரண்டேகால் மணிக்கு மேல் லுஹர் நேரம் தொடங்கினால், நான்கு மணியளவில் மஃரிபும் வந்துவிடும். இடையிலேயே அஸரும் அடங்கிவிடும்.

குளிர் என்றதும் பனிமலைகளை எண்ண வேண்டாம். மேற்கேயுள்ள வட கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று, வெப்பநிலையை உறைநிலைக்குச் சற்று மேலேயே வைத்திருக்கும். ஆகவே வெண்பனி அரிதாகவே தங்கும். தூறலும் மூடுபனியும் தாழ்ந்த மேகமுமே மிகுதி. டிசம்பர் மாதம் முழுவதிலும் வெயில் அடிப்பது சராசரியாக 40 மணி நேரம் அளவில்தான். வானம், கடல், சாலை, சுவர் யாவும் ஒரே நிறமாகத் தோன்றும். ஹூசும் என்னும் கடற்கரை ஊரில் 1817 இல் பிறந்த தியோடோர் ஸ்டோர்ம் என்ற கவிஞர், தம் ஊரைச் சாம்பல் நிற நகரம் என்றே பாடினார். ஊரார் வருந்தவில்லை. அந்தப் பெயரை இன்றும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இருள் மனத்தைச் சோர்வுறச் செய்வது வெறும் பிரமையா? இல்லை. நம் மூளையில் ஓர் உயிர்க்கடிகாரம் இருக்கிறது. கண் வழியே வரும் ஒளியைக் கொண்டே அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. காண்பதற்கு உதவும் அணுக்கள் அன்றி, இக்கடிகாரத்திற்கு ஒளியின் செய்தியைக் கொண்டுசெல்லும் தனிவகை அணுக்கள் விழித்திரையில் உண்டென்று 2002 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் தெளிவாக்கினர். காலையில் போதிய ஒளி கிட்டாவிடில் கடிகாரம் பின்தங்கும். விழிக்க வேண்டிய வேளையில் உறக்கமும், உறங்க வேண்டிய வேளையில் விழிப்பும் நேரும்.

தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து அமெரிக்கா சென்ற நார்மன் ரோசன்தால் என்னும் மனநல மருத்துவர், குளிர்காலம்தோறும் தமக்கே ஊக்கம் குன்றுவதைக் கவனித்தார். 1984 ஆம் ஆண்டில் அவரும் உடன் பணியாற்றியோரும் பருவகால மனச்சோர்வு என்னும் நோயை விளக்கி எழுதினர். வெயில் நாட்டிலிருந்து வடக்கே செல்லும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. சோர்வு வந்தால் அது அவர்களுடைய சோம்பலோ, மனஉறுதிக் குறைவோ அன்று.

வெளியே செல்லுங்கள்!

மேகம் மூடிய நாளில் வெளியே போய் என்ன பயன் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். நன்கு விளக்கேற்றிய அலுவலக மேசையில் ஒளியின் அளவு 500 லக்ஸ். மேகம் மூடிய குளிர்கால நண்பகலில் திறந்தவெளியிலோ சில ஆயிரம் லக்ஸ் இருக்கும்! நம் கண் இரண்டிற்கும் ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் வேறுபாடு தெரிவதில்லை, உயிர்க்கடிகாரத்திற்குத் தெரியும். எனவே மதிய உணவு இடைவேளையில் அரைமணி நேரம் நடப்பது, அறைக்குள் நாள் முழுதும் விளக்கின் கீழ் அமர்ந்திருப்பதினும் மேலானது.

மோசமான வானிலை என்று ஒன்றில்லை, பொருந்தாத உடைதான் உண்டு என்பது அந்நாட்டார் பழமொழி. கடலோர மக்கள் அணியும் எளிய மஞ்சள் நிற மழையங்கிக்கு, விலையுயர்ந்த மென்மயிர் அங்கியின் பெயரைக் கேலியாகச் சூட்டி, 'ஃபிரீசிய மிங்க்' என்று அழைக்கிறார்கள். தூறலிலும் அதை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

தனியே நடப்பது அலுப்பூட்டும் என்பதால் நடையையே விழாவாக்கிய பெருமையும் அவர்களுக்குண்டு. பிரேமன், ஓல்டன்பர்க் வட்டாரங்களில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நண்பர்களும் உடன் பணியாற்றுவோரும் கைவண்டியை இழுத்துக்கொண்டு வயல்வெளிப் பாதைகளில் நடப்பார்கள். வழியில் பந்து உருட்டி விளையாடுவார்கள். முடிவில் ஓர் உணவகத்தை அடைந்து, அங்கே சமைத்த சுருள் இலைக்கீரை ஒன்றை உண்பார்கள். குளிர் பட்டால்தான் அக்கீரையில் இனிப்பு ஏறும். கூட்டத்தில் ஒருவரைக் 'கீரை அரசர்' என்று தேர்ந்தெடுப்பதும் உண்டு. அவர்கள் கீரையோடு சேர்த்துக்கொள்ளும் பன்றி இறைச்சியும் மதுவும் நமக்கு ஆகாதவை. நடையும் கீரையும் தோழமையும் நமக்கும் ஆகுமல்லவா? இறைச்சியின்றிச் சமைத்து, நம் பிள்ளைகள் தமக்குள் இத்தகைய நடைப் பயணத்தை அமைத்துக்கொள்ளத் தடை என்ன?

நடக்க இயலாதவர்களுக்கும் வேலை உண்டு. சனவரி மாதத்தில் ஒரு மணி நேரம் சன்னலருகிலோ பூங்காவிலோ அமர்ந்து பறவைகளை எண்ணி அனுப்பும் இயக்கத்தை, நாபு என்னும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2011 முதல் நாடு முழுவதும் நடத்தி வருகிறது. பறவை எண்ணுபவன் வானத்தின் நிறத்தை நினைத்துக்கொண்டிருப்பதில்லை.

நீண்ட மாலைகளில் கைகளுக்கு வேலை

நான்கு மணிக்கே இருட்டிவிட்டால், உறங்கும்வரை ஆறேழு மணி நேரம் கையில் இருக்கிறது. அதைத் தொலைபேசித் திரைக்குக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது கண்வலியே. கிழக்கு ஃபிரீசிய மக்கள் அந்நேரத்தின் ஒரு பகுதியைத் தேநீருக்குக் கொடுக்கிறார்கள். பீங்கான் கோப்பையில் முதலில் கற்கண்டு, அதன்மேல் கடுந்தேநீர், ஓரமாக ஒரு சிறு கரண்டிப் பாலாடை. அந்தப் பாலாடை மேகம்போல் விரிவதைப் பார்த்துக்கொண்டே, கலக்காமல் பருகுவர். விருந்தினருக்கு மூன்று கோப்பையேனும் உரிமை. அத்தேயிலைக் கலவையில் பெரும்பங்கு நம் அஸ்ஸாமிலிருந்து செல்வது! 2016 ஆம் ஆண்டில் இத்தேநீர்ப் பண்பாடு ஜெர்மனியின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மற்றொரு வாய்ப்பு, ஊர்தோறும் உள்ள 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' என்னும் மக்கள் கல்விக்கூடம். 1919 ஆம் ஆண்டையொட்டிப் பெருகிய இக்கூடங்களில் மாலை வேளைகளில் மொழி, ஓவியம், தையல், மண்பாண்டம், சமையல் என்று பலவும் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கப்படுகின்றன. மொழியும் வரும், நண்பரும் கிடைப்பர். வாரத்தில் ஒரு மாலை நம்மை எதிர்பார்த்துச் சிலர் காத்திருக்கிறார்கள் என்பதே பெரிய மருந்து.

இருளும் மூடுபனியும் கலைக்குப் பகையல்ல. கடலோடிகள் வேலையற்ற பொழுதுகளில் புட்டிக்குள் பாய்மரக் கப்பலை நுழைத்து, நூலை இழுத்து மரங்களை நிமிர்த்தும் நுட்பக் கலையை வளர்த்தனர். பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்டில் 1774 இல் பிறந்த காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ், 1808 முதல் 1810 வரை தீட்டிய 'கடலோரத் துறவி' என்னும் ஓவியத்தில் பெரும்பகுதி வெற்று வானமே. எவரும் ஒதுக்கும் சாம்பல் நிறத்தில் எத்தனை நிறங்கள் உள்ளன என்று அவர் உற்றுப் பார்த்தார். நீங்களும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் வானத்தைப் பற்றி நான்கு வரி எழுதிப் பாருங்கள். ஒரு நாள்போல் மறுநாள் இராது.

நாள்களுக்கு அடையாளமிடுங்கள்

நான்கு மாதங்களை ஒரே மூட்டையாகச் சுமந்தால் பாரம் தாங்காது. அவற்றைத் துண்டு துண்டாக்கிக்கொள்வதே வட ஜெர்மானியர் கண்ட வழி. நவம்பரில் ஹாம்பர்க்கின் ஆல்ஸ்டர் ஏரி அன்னங்களைப் படகில் ஏற்றிக் குளிர்கால இருப்பிடத்திற்குக் கொண்டுபோவார்கள். வசந்தத்தில் திரும்பக் கொணர்வார்கள். அன்னங்களைக் காக்கும் பொறுப்பு 1674 முதலே அந்நகருக்கு உண்டு. 1839 இல் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய விஷெர்ன் என்ற பாதிரியார், பண்டிகை எப்போது வரும் என்று கேட்டு நச்சரித்த சிறுவர்களுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றினார். அதுவே பின்னர் அந்நாட்டுக் கிறிஸ்தவர்களின் வழக்கமாயிற்று. இருளை அவர் விரட்டவில்லை, எண்ணக் கற்றுக்கொடுத்தார்.

பிரேமனில், வேசர் ஆறு உறைந்திருக்குமா, ஓடுமா என்று 1829 முதல் நடைபெறும் ஒரு பந்தயம் உண்டு. சனவரி 6 ஆம் நாள், 99 பவுண்டு எடையுள்ள தையற்காரர் ஒருவர் சூடான இஸ்திரிப் பெட்டியுடன் கால் நனையாமல் ஆற்றைக் கடக்க வேண்டும்! ஆறு இக்காலத்தில் உறைவதில்லை என்று யாவரும் அறிவர். ஆயினும் கூடி நின்று சிரிப்பார்கள். பிப்ரவரி 21 ஆம் நாள் மாலை, வட ஃபிரீசியக் கடற்கரையெங்கும் பெருந்தீ மூட்டிக் குளிர்காலத்தை வழியனுப்புவார்கள்.

உங்கள் பிள்ளைகளும் தமக்கென அடையாளங்களை வைத்துக்கொள்ளட்டும். முதல் ஞாயிறு நண்பர்க்கு விருந்து. இரண்டாம் ஞாயிறு அருங்காட்சியகம். மூன்றாம் ஞாயிறு புதிய ஊர். நான்காம் ஞாயிறு தாய்க்கு விரிவாக ஒரு கடிதம்.

சோர்வு நீங்காவிடில்

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரத்திற்கு மேலாகத் துயரம் நீடித்தால், உண்ணவும் உறங்கவும் படிக்கவும் மனம் ஒப்பாவிடில், தயங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் அமர்வது இந்நோய்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை. கண்நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே அதைப் பயன்படுத்த வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்குள்ள வெயிலால் தோலில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாவதில்லை. ஆதலால் ஹெர்ரிங், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களை உண்பதும், தேவையெனில் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை கொள்வதும் நன்று.

பெற்றோர்களே! தொலைபேசியில் பேசும்போது, "அங்கே குளிரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று பகலில் வெளியே சென்றாயா? யாரோடு பேசினாய்? கையால் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை, அறையில்தான் இருந்தேன்" என்ற பதில் நாள்தோறும் வருமானால், அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் இறுதியிலிருந்தே அங்கே பகல் சிறிது சிறிதாக வளரத் தொடங்கிவிடுகிறது. சூன் மாதத்தில் அதே ஹாம்பர்க்கில் பதினேழு மணி நேரம் பகல்! அந்த வெளிச்சம் தானே வரும். அது வரும்வரை அறைக்குள் காத்திருப்பவருக்குக் குளிர்காலம் நீளும். நாளுக்கொரு நடையும் வாரத்திற்கொரு சந்திப்பும் கைக்கொரு வேலையும் உடையவருக்கோ அது விரைவாகவே கழியும்.