நாளைய ஆற்றலும் இன்றைய கழிவும்



சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலே நமக்கு ஒளியாகவும் வெப்பமாகவும் வருகிறது. அணுக்கரு இணைவு எனப்படும் இந்த நிகழ்வைப் பூமியில் நடத்தி மின்சாரம் எடுக்க அறிவியலாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறார்கள். இன்றைய அணுமின் நிலையங்களில் நடப்பதோ அணுக்கருப் பிளவு.

இணைவு வந்துவிட்டால் கதிரியக்கக் கழிவே இராது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உண்மைதானா?

பிளவின்போது பயன்படுத்தி முடித்த எரிபொருளில் புளுட்டோனியம் போன்றவை தங்கிவிடுகின்றன. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். இதனால்தான் பின்லாந்து நாட்டினர் இக்கழிவைப் புதைக்க, 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையைக் குடைந்து ‘ஓன்கலோ’ என்னும் சுரங்கத்தை அமைத்துள்ளார்கள்.

இணைவு உலையில் ஹைட்ரஜனின் இரு வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைகின்றன. உண்டாகும் ஹீலியம் தீங்கற்றது. ஆனால் உடன் வெளிப்படும் நியூட்ரான்கள் உலையின் உட்சுவரைத் தாக்கி, அதன் எஃகைக் கதிரியக்கம் உள்ளதாக்குகின்றன. டிரிட்டியமும் கதிரியக்கப் பொருளே. எனினும் சுமார் 12 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். தகுந்த உலோகக் கலவைகளைப் பயன்படுத்தினால் சுவரின் கதிரியக்கம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் பெருமளவு தணியும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆக, கழிவு உண்டு. ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுச் சுமையாக இராது.

இது எப்போது கைகூடும்? 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, இணைவின் வழியாக 3.15 மெகாஜூல் பெற்றார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அந்த லேசர்களை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. இந்தியாவும் பங்குபெற, பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்டு வரும் ‘ஈட்டர்’ உலையில் டியூட்டிரியம், டிரிட்டியம் கொண்டு சோதனைகள் 2039இல் தொடங்கும் என 2024இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் ஆய்வு உலையே, மின்சாரம் வழங்காது.

இங்குதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். உலக அணுமின் நிலையங்களிலிருந்து இதுவரை வெளியேற்றப்பட்ட எரிபொருள் ஏறத்தாழ 4 லட்சம் டன். அதில் பெரும்பகுதி தற்காலிகக் கிடங்குகளில் காத்திருக்கிறது. இணைவு நாளையே கைகூடினாலும் இந்தக் குவியலில் ஒரு கிலோகூடக் குறையப்போவதில்லை. நமக்குப் பின் வருவோருக்கு எத்தகைய உலகை விட்டுச் செல்லப் போகிறோம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் ‘லவுதாத்தோ சி’ திருமடலில் கேட்ட கேள்வி இக்குவியலுக்கும் பொருந்தும்.

எனவே, அறிவியலாளர்களின் உழைப்பை நன்றியோடு வரவேற்போம். அதே வேளையில், வரப்போகும் ஆற்றலைச் சொல்லி, இருக்கும் கழிவை மறவாதிருப்போம். அது எங்கே, எவ்வளவு காலம், யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று கேட்போம். மின்சாரத்தை அனுபவித்தவர்கள் நாம். அதன் கழிவுக்கு வழி தேட வேண்டியவர்களும் நாமே.