கீசர் ரிப்பேர்: எந்தப் பழுதுக்கு எவ்வளவு ஆகும்? எப்போது பழசை மாற்றியே ஆக வேண்டும்?

எட்டு, ஒன்பது மாதமாக யாரும் திரும்பிப் பார்க்காத கீசர் சுவிட்சை, ஐப்பசி மழை பிடித்ததும் தட்டுகிறார்கள். லைட் எரிகிறது, தண்ணி சுடவில்லை. இல்லையென்றால் போட்ட வேகத்தில் வீட்டு கரண்டே போய்விடுகிறது. மெக்கானிக்குக்கு போன் போட்டால், "இன்னைக்கு முடியாது, ரெண்டு நாள் ஆகும்" என்கிறார். அவருக்கு இதுதான் சீசன்.

ஊட்டி, கொடைக்கானலை விட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் கீசர் ஓடுவது வருடத்துக்கு மூன்று, நான்கு மாதம்தான். குறைவாக ஓடுவதால் நீண்ட நாள் உழைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் தொட்டிக்குள் தண்ணி நின்றுகொண்டுதான் இருக்கும். அந்தத் தண்ணி எப்படிப்பட்டது என்பதுதான் கீசரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உப்புத் தண்ணி செய்யும் வேலை

போர் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். தண்ணி சூடாகும்போது இந்த உப்பு பிரிந்து, வெள்ளையாகக் கல் மாதிரி படியும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் பிடிக்குமே, அதே சமாச்சாரம்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி தண்ணியின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. கடலோரத்திலும் சென்னைப் புறநகரிலும் பல இடங்களில் போர் தண்ணி எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது, பக்கெட்டைத் தேய்ப்பவர்களுக்கே தெரியும்.

இந்தப் படிவு முதலில் பிடிப்பது காயில் மீதுதான். காயிலின் சூடு தண்ணிக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கும். தண்ணி சுட நேரமாகும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் காயில் வெந்து போகும். கீசருக்குள் 'கடகட' என்று கொதிக்கும் சத்தம் கேட்டால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

சரியாக ஓடும் கீசருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 15 லிட்டர் தொட்டி, 2,000 வாட் காயில் என்றால், சாதாரண குழாய்த் தண்ணியை 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 17 நிமிடம் ஆகும். 25 லிட்டருக்கு அரை மணி நேரத்துக்குள், கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரண்ட் ஆகும். இதைவிட ரொம்ப அதிகமானால், காயில் முழுசாகப் போகும்வரை காத்திருக்காமல் ஆளைக் கூப்பிட்டுவிடலாம்.

எதற்கு எவ்வளவு?

இங்கே உள்ள தொகைகள் தோராயமானவை. ஊரையும் பிராண்டையும் பொறுத்து கூடும், குறையும். மெக்கானிக் வந்து பார்ப்பதற்கே 200 முதல் 500 ரூபாய் வாங்குகிறார்கள். தொட்டியைக் கழற்றி உப்பை எடுக்க 500 முதல் 1,000 ரூபாய். தெர்மோஸ்டாட் மாற்ற 300 முதல் 700. காயில் மாற்ற, கூலியோடு 800 முதல் 1,500.

பில்லில் பெரும்பாலும் வராத ஒரு பொருள் உண்டு: ஆனோட் ராடு. தொட்டிக்குள் இருக்கும் இந்த மெக்னீசியக் கம்பிதான் துருவைத் தன் மேல் வாங்கிக்கொண்டு இரும்புத் தொட்டியைக் காப்பாற்றுகிறது. கம்பி கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான். உப்புத் தண்ணியில் இது சீக்கிரமே கரையும். விலை சில நூறு ரூபாய்தான். ஆனாலும் கேட்டால் தவிர யாரும் மாற்றுவதில்லை. உப்பு எடுக்கக் கழற்றும்போதே "ஆனோட் ராடு எப்படி இருக்குனு காட்டுங்க" என்று கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

போட்டதும் ட்ரிப் ஆகிறதா?

எம்சிபி விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டாகவோ ஓவர்லோடாகவோ இருக்கும். ஆர்சிசிபி விழுந்தால் கரண்ட் எங்கோ கசிகிறது. கீசரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் காயிலில் விழுந்த விரிசலாக இருக்கும், அல்லது மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில் காயிலுக்குள் ஈரம் இறங்கியிருக்கும். ஒயர் சேரும் இடத்தில் எறும்பும் பல்லியும் குடியேறியிருப்பதும் உண்டு.

"ஆர்சிசிபி சும்மா சும்மா விழுது, அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். அது விழுவது கோளாறு இல்லை, உயிரைக் காப்பாற்றும் வேலை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும்படி அமைந்தது அது. அதை எடுத்துவிட்டால் கசியும் கரண்ட் தண்ணி வழியாக, நனைந்து நிற்பவர் உடம்புக்கு வரும். எர்த் ஒயர் இல்லாத பழைய வீடுகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு. அங்கே கீசரைத் தொடுவதற்கு முன் எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

பிளக் சூடாகி, கறுத்துப் போயிருந்தால் அது வேறு பிரச்சினை. 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போடக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும்.

ஒழுகுவது எங்கிருந்து?

காசு வீணாவது இங்கேதான். கீசர் ஒழுகுகிறது என்றதும் சிலர் புதுசு வாங்கச் சொல்வார்கள். சிலர் எதையும் ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்காமல் இரண்டையும் நம்ப வேண்டாம்.

குழாய் சேரும் இடத்தில் ஒழுகினால் பிளம்பர் வேலை. இருநூறு, முந்நூறில் முடியும். காயில் மாட்டியிருக்கும் தட்டைச் சுற்றி ஒழுகினால் கேஸ்கெட் போயிருக்கும், அதுவும் சின்னச் செலவுதான். வெளி உறையின் அடியிலோ இணைப்பிலோ கசிந்து, கூடவே துருக் கறை இறங்கினால் உள்தொட்டி ஓட்டையாகிவிட்டது என்று பொருள். அதை வெல்டிங் வைத்து ஒட்டினாலும் நிற்காது. கீசர் அழுத்தத்தில் ஓடும் சாதனம், அடுத்த ஓட்டை பக்கத்திலேயே விழும். தொட்டிக்கு வாரண்டி இல்லையென்றால் அந்தப் பணத்தைப் புதுசுக்குப் போடுவதே லாபம்.

சேஃப்டி வால்விலிருந்து, கீசர் ஓடும்போது மட்டும் சொட்டுவது பழுதே இல்லை. தண்ணி சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணி 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 300 மில்லி கூடும். அந்தக் கூடுதல் தண்ணியைத்தான் வால்வு வெளியே விடுகிறது. பாத்ரூம் தரை நனைகிறதே என்று அந்த வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும் அதற்கு மேலிருக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால் தொட்டி வெடிக்கும். சொட்டுவது தொந்தரவாக இருந்தால் ஒரு சின்ன டியூப் மாட்டி ஓடையில் விட்டுவிடலாம். ஆஃப் செய்த பிறகும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருந்தால்

இதில் ரிப்பேர் செலவு குறைவு. பேட்டரி மாற்றுவதும் பர்னர் சுத்தம் செய்வதும்தான் பெரும்பாலான வேலை. ஆனால் பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் எரிந்தால் ஆக்ஸிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. குளிக்கப் போனவர் தலைசுற்றி, கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் உள்ளேயே விழுந்துவிடுவார். குளிர்காலம் வந்தால் நாட்டின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து இப்படியொரு சாவுச் செய்தி வராமல் இருப்பதில்லை.

நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாற்றுவதுதான் சரியான ரிப்பேர். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளிப்பது, பனிக்காலத்தில் யாரும் கடைசிவரை கடைப்பிடிக்காத யோசனை. உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, கேஸை மூடி, வெளியே இழுத்துவந்து 108-க்கு அழைக்க வேண்டும்.

வாரண்டியைப் பாருங்கள்

பல பிராண்டுகளில் மொத்த சாதனத்துக்கு ஒரு வாரண்டி, காயிலுக்கு ஒன்று, தொட்டிக்கு இன்னும் நீண்டது என்று தனித்தனியாக இருக்கும். "ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சு" என்று விட்டுவிட்டவர்கள் தொட்டி வாரண்டியைப் பார்க்கவே இல்லாமல் இருப்பார்கள். அதே கார்டில், உப்புத் தண்ணியால் வரும் பழுது சேராது என்ற வரியும் சின்ன எழுத்தில் இருக்கலாம். வாங்கும்போதே படித்துவிடுவது நல்லது.

வாரண்டி இருந்தும் கம்பெனி சர்வீஸ் ஆள் காசு கேட்டால், பில் வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். எந்த மெக்கானிக்காக இருந்தாலும், மாற்றிய பழைய காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் கணக்குக் கேட்பதற்கும் அது கையில் இருக்கட்டும்.