இகுவாசு அருவிச் செலவு

அருவியைக் காண விழையும் உள்ளம் எந்நாட்டு மக்கட்கும் பொதுவானதே. ஆயின், ஓர் அருவியை முழுதுங் காண நாட்டெல்லையைக் கடந்தே தீரவேண்டும் என்னும் நிலை சிலவிடங்களிலேயே உண்டு. தென் அமெரிக்காவில் ஆர்ஜென்டீனாவும் பிரேசிலும் பங்கிட்டுக்கொண்ட இகுவாசு அருவித்தொகுதி அத்தகையது. முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பஸ் சீட்டுமாகப் புறப்படும் இளைஞர் பலர் ஆண்டுதோறும் ஆங்குச் செல்கின்றனர். அவர் செல்லும் வழியினையும், காணும் காட்சியினையும், அக்காட்சி உணர்த்தும் உண்மையினையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஆற்றினை அறிதல் வேண்டும். இகுவாசு என்பது குவாரனி மொழிச் சொல். அம்மொழியில் 'இ' என்பது நீர். 'குவாசு' என்பது பெரிது. ஆகவே 'பெருநீர்' என்பது பெயர்ப்பொருளாம். இந்த ஆறு பிரேசில் நாட்டுக் குரிதிபா நகருக்கு அணித்தாய், அட்லாண்டிக் கடலுக்கு அண்மையிற் பிறக்கின்றது. பிறந்தும், அருகிலுள்ள கடலை நாடாது மேற்றிசை திரும்பி, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடிப் பரானா என்னும் பேராற்றிற் கலக்கின்றது. அக்கூடலுக்குச் சுமார் 23 கிலோமீட்டர் முன்னரே அருவிகள் உள்ளன. பதின்மூன்று கோடி ஆண்டுகட்கு முன்னர் எரிமலைக் குழம்பு படலம் படலமாகப் பரந்து இறுகிக் கரும்பாறையாயிற்று. அப்படலங்களுள் மெலிந்தவற்றை நீர் அரிக்க, வலியவை படிகளாய் நின்றன. அப்படிகளினின்றும் 2.7 கிலோமீட்டர் அகலத்திற்கு, ஏறத்தாழ 275 அருவிகளாக ஆறு வீழ்கின்றது. அவற்றுள் தலையாயது 'பேயின் தொண்டை' எனப்படும். அதன் உயரம் 80 மீட்டரளவினது. பதினாறாம் நூற்றாண்டில் ஆல்வார் நூனியெஸ் காபெசா தே வாகா என்னும் ஸ்பானியர் இதனைக் கண்டார். குவாரனி மக்களோ அதற்கு நெடுங்காலம் முன்னரே அறிந்து பெயருமிட்டிருந்தனர்.

இனி வழியினைக் கூறுவாம். ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவெனோஸ் ஐரெஸிலுள்ள ரெத்தீரோ நிலையத்தில் பஸ் ஏறினால், சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து புவெர்த்தோ இகுவாசு என்னும் சிற்றூரை அடையலாம். ஓர் இரவும், ஒரு பகலின் பெரும்பகுதியும் கழியும். சாய்ந்து உறங்கத்தக்க இருக்கைகள் இருத்தலின், ஓரிரவு விடுதிச் செலவு மிஞ்சும். இளைஞர் இதனை விரும்புதற்கு அதுவும் ஒரு காரணம். வழியின் இறுதிப் பகுதி மிசியோனெஸ் மாகாணத்தினூடே செல்கின்றது. சிவந்த மண்ணும், அடர்ந்த காடும், மாத்தே இலைத் தோட்டங்களும் இருமருங்கும் தோன்றும். 'மிசியோனெஸ்' என்பதற்கு மிஷன்கள் என்பதே பொருள். இயேசு சபைத் துறவிகள் குவாரனி மக்களோடு அமைத்த ஊர்களால் வந்த பெயர் அது. 1767-இல் ஸ்பானிய மன்னன் ஆணையால் அத்துறவிகள் வெளியேற்றப்பட்டனர். அவ்வூர்களுள் ஒன்றான சான் இக்னாசியோ மினியின் செம்மணற்பாறைச் சுவர்கள் இன்றும் சாலைக்கு அருகே நிற்கின்றன.

அருவிகளுட் பெரும்பாலன ஆர்ஜென்டீனாப் பக்கத்தன. ஆங்குக் காட்டினூடே ஒரு சிறு ரயில் செல்கின்றது. அதனின்று இறங்கி, ஆற்றின்மேல் அமைந்த நெடிய நடைபாலத்தின் வழியே 'பேயின் தொண்டை'யின் விளிம்புவரை செல்லலாம். வெள்ளம் இப்பாலத்தை ஒருமுறைக்கு மேலும் அடித்துச் சென்றுள்ளது. விளிம்பில் நிற்பார் நீரின் வலியை உணர்வர். ஆயின் அருவியின் முழு உருவைக் காணார். அதனைக் காண எதிர்க்கரையாகிய பிரேசிலுக்குச் செல்லவேண்டும். ஒரு கரை அண்மையைத் தரும்; மறுகரை முழுமையைத் தரும். ஒன்றைக் கண்டு மற்றொன்றை விடுதல், நூலின் ஒரு பாதியைப் படித்து மூடுதலை ஒக்கும்.

இரு நாடுகளையும் இணைக்கும் பாலம் 1985-இல் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர்ப் படகே துணை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பாதி நீலமும் வெண்மையும், மறுபாதி பச்சையும் மஞ்சளுமாக நிறந்தீட்டப்பட்டுள்ளது. நிறம் மாறுமிடமே நாட்டெல்லை. ஊர்ப் பஸ்ஸில் செல்லும் வேற்றுநாட்டார் இரு சாவடிகளிலும் இறங்கி, வெளியேறுதலையும் நுழைதலையும் தவறாது பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். அண்டை ஊரார் அடையாளச் சீட்டைக் காட்டி எளிதிற் கடப்பராதலின், பஸ் பல வேளைகளில் அயலாருக்காகக் காத்திராது சென்றுவிடும். அடுத்த வண்டிக்காக நிற்க நேரும். விசா வேண்டப்படும் நாட்டினர் அதனை முன்னரே பெற்றிருத்தல் இன்றியமையாதது.

ஆனால், இங்ஙனம் முயன்று சென்றாலும் காணவொண்ணாத அருவி ஒன்று அந்நாட்டில் உண்டு. பரானா ஆற்றில் வடக்கே, பிரேசிலுக்கும் பராகுவேக்கும் இடையே, குவைரா என்னும் அருவிகள் இருந்தன. நீர்ப்பெருக்கில் அவை இகுவாசுவைப் பன்மடங்கு விஞ்சியவை. 1631-இல், அடிமை பிடிப்போருக்கு அஞ்சிய பல்லாயிரம் குவாரனி மக்கள் அந்தோனியோ ரூயிஸ் தே மொந்தோயா என்னும் துறவியின் தலைமையில் ஓடங்களில் ஆற்றுவழியே தப்பி வந்தபோது, அவ்வருவிகளே வழிமறித்தன. நீரில் விட்ட ஓடங்கள் நொறுங்கின; மக்கள் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தனர். அத்துணை வலிய அருவிகள் 1982 அக்டோபரில் இத்தைப்பூ அணையின் நீர் உயர, சின்னாட்களில் அமிழ்ந்தன. இறுதியாக ஒருமுறை காண அவ்வாண்டின் தொடக்கத்தில் மக்கள் திரண்டபோது, தொங்குபாலம் ஒன்று அறுந்து பலர் மாண்டனர். குவாரனி ஊர்களும் நீரின்கீழ்ச் சென்றன.

14,000 மெகாவாட் ஆற்றலுடைய அவ்வணையின் பயனை இகழ்தல் நம் கருத்தன்று. விளக்கின்றி வாழ்வாரும் மக்களே. எனினும், மலைபோன்று நிலையெனக் கருதப்பட்டவை ஓர் ஒப்பந்தத்தால் மறையும் என்பது ஈண்டு விளங்கும். இகுவாசு எஞ்சியதும் தற்செயலன்று. ஆர்ஜென்டீனா 1934-இலும் பிரேசில் 1939-இலும் தத்தம் கரைக் காட்டைத் தேசியப் பூங்காவாக்கின. பின்னர் 1984-இலும் 1986-இலும் அவை உலக மரபுச் செல்வங்களாயின. இன்றோ, ஆற்றின் மேற்பகுதியில் மின் அணைகள் பல உள. அருவியின் நீரளவு மழையினால் மட்டுமன்றி, அவ்வணைகளின் மதகுகளாலும் மாறுகின்றது.

ஆதலின், ஆறு இரு நாட்டிற்கும் எல்லையாயினும், அதனைக் காக்கும் கடமைக்கு எல்லையில்லை. ஒரு கரையார் மட்டும் காத்தால் அருவி நில்லாது. எல்லை கடந்து இரு கரையிலும் நின்று நோக்குவார், இதனை எளிதில் உணர்வர்.