நடுமார்புக் கட்டிகளை வேறுபடுத்துவதில் எம்.ஆர்.ஐ.: தைமஸ் சுரப்பியை முன்வைத்து

மார்பெலும்பின் பின்புறம், இரு நுரையீரல்களுக்கும் இடையே அமைந்துள்ளது தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும் இச்சுரப்பி, வயது ஏற ஏறச் சுருங்கி, அதன் இடத்தில் கொழுப்பு படிகிறது. ஆயினும் வேதிச்சிகிச்சை முடிந்த சில மாதங்களில் இது மீண்டும் வளர்வதுண்டு. நிணநீர்ப்புற்றுக்குச் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞரின் மார்பில் இத்தகைய திரட்சி காணப்பட்டால், திரும்பி வந்தது நோயா, சுரப்பியா என்னும் வினா எழுகிறது. சி.டி. வரைவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். பெட் வரைவிலோ, மீள்வளர்ச்சியுற்ற தைமஸும் குளுக்கோஸை ஈர்த்து ஒளிர்கிறது. விடை பிழைத்தால், நலமாக இருப்பவரின் மார்பு தேவையின்றி அறுக்கப்படும்.

இவ்விடத்தில் எம்.ஆர்.ஐ. கைகொடுப்பது கொழுப்பை அறியும் அதன் திறத்தாலாகும். நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 1.5 டெஸ்லா கருவியில் அவற்றின் அதிர்வெண் வேறுபாடு ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸ். எனவே கிளர்வூட்டிய சுமார் 2.3 மில்லிநொடியில் அவை எதிரெதிராகவும், 4.6 மில்லிநொடியில் ஒருங்கிசைந்தும் நிற்கின்றன. இவ்விரு கணங்களிலும் படம் எடுக்கப்படுகிறது. நீரும் கொழுப்பும் நுண்ணளவில் கலந்துள்ள திசு, எதிர்க்கட்டப் படத்தில் மட்டும் கருமையடையும். மிகைவளர்ச்சியுற்ற தைமஸ் அத்தகையது. தைமோமாவிலும் நிணநீர்ப்புற்றிலும் அக்கலப்பு இல்லாமையால் அவை மங்குவதில்லை. தசையின் சைகையோடு ஒப்பிட்டு இம்மாற்றத்தை அளந்த இனாவோகா குழுவினர், 2007இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வில், மிகைவளர்ச்சிக்குச் சராசரி விகிதம் ஏறத்தாழ 0.6 எனவும் கட்டிகளுக்கு ஏறத்தாழ 1.0 எனவும் கண்டனர்.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். கருமையடைதல் சுரப்பிக்கு வலுவான சான்று. கருமையடையாமை கட்டிக்கு அதே அளவு சான்றாகாது. சிறுவர்களிடமும் இளையோர் சிலரிடமும் இயல்பான தைமஸிலேயே கொழுப்பு மிகக் குறைவு.

நீர்க்கட்டிகளின் நிலை எளிது. புரதமோ குருதியோ கலந்த நீர்க்கட்டி சி.டி.யில் திண்மக் கட்டியாக ஏமாற்றலாம், எம்.ஆர்.ஐ.யில் மாறுபாட்டு மருந்து செலுத்தியபின் அதன் உட்பகுதி ஒளிராமையே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். தைமோமாவையும் நிணநீர்ப்புற்றையும் தம்முள் பிரித்தறிவதே கடினம். செல்கள் நெருங்கியுள்ள நிணநீர்ப்புற்றில் நீர்மூலக்கூறுகளின் விரவல் பெரிதும் தடைப்படுவதை விரவல்வழிப் படங்கள் காட்டுகின்றன. எனினும் அளவீடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், அங்கு இறுதிச்சொல் திசுப் பரிசோதனையினுடையதே.